துணி ஆறுகிற நேரம்

ஏழு. இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்கள். நாற்பத்திரண்டு பேர் வேலை பார்த்த ஒரு சலவைக்கூடத்தில், வாசலில் நீல நாடா கட்டி, மேலாளர் கத்தரியால் வெட்டித் திறந்துவைத்த 'இளைப்பாறும் அறை'யில் போட்டிருந்த நாற்காலிகள் ஏழு.

நாற்பத்தோரு பேர் கைதட்டினார்கள். ஒருத்தி தட்டவில்லை. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கூடத்தில் அவளுக்கு 'மோப்பம்' என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் மோப்பம்தான், வயதில் சின்னவர்களுக்கு மோப்பம் அக்கா. அவளும் அதற்குக் கோபப்பட்டதில்லை. அது அவள் வேலையிலிருந்து வந்த பெயர்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அந்தக் கூடத்துக்கு வரும். துவைத்து, பிழிந்து, கொதிக்கிற பெரிய உருளைக்குள் ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் மொடமொடவென்று வரும். வெளியே வருகிற பக்கத்தில் அவள் நிற்பாள். சூடான துணியைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியாது, கை ஏமாந்துபோகும். மூக்கு ஏமாறாது. அரைகுறையாகக் காய்ந்த துணிக்கு ஒரு வாடை உண்டு, மழைக்காலச் சுவர் மாதிரி. அந்த வாடை வந்தால் விரிப்பை உருவித் திரும்பவும் உருளைக்கு அனுப்பிவிடுவாள். பத்து வருஷத்துக்கு மேல் அப்படி மோந்து மோந்து, மோக்காமல் எதையும் எடுத்துக்கொள்ளாத ஆளாகிவிட்டாள். கம்பெனி சும்மா கொடுக்கிற சோப்புக் கட்டியை மோப்பாள். 'உங்க புடவை நல்லாருக்கு' என்று யாராவது சொன்னால் சொன்னவரை ஏற இறங்கப் பார்ப்பாள். அதுவும் மோப்பம்தான்.

நான் அப்போது சங்கத்து வேலையில் இருந்தேன். வாசலில் நின்று முதன்முதலாக நோட்டீஸ் கொடுத்த அன்று எல்லோரும் வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்கள். இவள் மட்டும் அதை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"மை இன்னும் காயல. அவசரமா அடிச்சிருக்கீங்க. அவசரம் யாருக்கு, எங்களுக்கா உங்களுக்கா?"

அன்றிலிருந்து எனக்கு 'நோட்டீஸ் அண்ணன்' என்று பேர். எனக்கு வைத்தவளும் அவள்தான்.

கூடத்து வேலையில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மீதிக் கதை விளங்காது. உருளையிலிருந்து வந்த விரிப்பைச் சூட்டோடு மடித்துக் கட்டக் கூடாது. கட்டினால் உள்ளே வேர்த்து, மஞ்சள் பூத்து, போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். நீளமான கம்பிகளில் தொங்கவிட்டு ஆறப்போட வேண்டும். ஒரு கம்பி வரிசை நிறைந்ததும் உருளை நிற்கும். துணி ஆறும். அதுவரை ஆட்கள் கம்பிக்கு அடியில், மூட்டைமேல், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

மேற்பார்வை பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஏன் உட்கார்ந்திருக்கீங்க? பதிலும் ஒன்றுதான்: "துணி ஆறுது சார்." காலங்காலமாக அதே பதில். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இயந்திரத்தைக் காட்டுவதற்கு முன்னால் இந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். கோரிக்கை நோட்டீஸ் எழுத உட்கார்ந்தபோது நான் அதற்கு 'ஓய்வு நேரம்' என்று பேர் போட்டேன். உடனே அதைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னார்கள். ஓய்வு என்று எழுதினால் கண்ணில் படும், கண்ணில் பட்டால் பிடுங்குவார்கள், துணி ஆறுவதாகவே இருக்கட்டும் என்றார்கள். எல்லோரையும்விட உறுதியாக அப்படிச் சொன்னவள் மோப்பம். எனக்கும் சரியென்றுதான் பட்டது. அடித்துவிட்டேன்.

அவளுக்கு அதில் தனிக் காரணம் இருந்தது. யாருக்கும் சொல்லாத காரணம். அவள் நெஞ்சில் இளைப்பு. சோடாத் தூளும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து உள்ளே போய், மூச்சு விட்டால் மெல்லிசாக விசில் அடிக்கும். துணி ஆறுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்தால் விசில் அடங்கும், அடுத்த வரிசைக்கு எழுந்துவிடலாம். அது இல்லாவிட்டால் அவளால் ஒரு வாரம்கூட உருளையில் நிற்க முடியாது. வெளியே சொல்லவும் முடியாது. பிழிகிற இயந்திரத்தில் நின்ற ஒருவருக்கு இப்படித்தான் மூச்சு இரைத்தது. கம்பெனி டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, "வீட்டுல இருந்து உடம்பப் பாத்துக்கங்க" என்று தன்மையாகச் சொன்னார். அவர் இன்னும் வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மோப்பத்தின் கணவர் வேன் ஓட்டியவர். இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து அவர் ஓட்டுவது வீட்டு டிவியை மட்டும்தான். இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் உலை கொதித்தது இரண்டு பேர் சம்பளத்தில். ஒன்று அவளுடையது. இன்னொன்று அதே கூடத்தில் மடிப்பு மேசையில் நின்ற நாத்தனாருடையது. ஒரே வீடு, ஒரே கூடம், ஒரே பேருந்து. இளைப்பு நாத்தனாருக்கும் தெரியக் கூடாது என்று மோப்பம் வீட்டில் இருமல் வந்தால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருமுவாள். தண்ணீர் வீணாகிறது என்று கணவர் கத்துவார். கத்தட்டும் என்று விட்டுவிடுவாள்.

இந்த நிலையில்தான் நாடா வெட்டியது.

மேலாளர் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். கிட்டே போய் நின்றால்தான் கேட்கும். அப்படிப்பட்டவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு பயம் உண்டு. "நீங்க எல்லாம் உழைக்கிறீங்க. இங்க வந்து சார்ஜ் ஏத்திக்கிட்டுப் போங்க" என்றார். ஏழு நாற்காலி, ஒரு மேசை, தண்ணீர்க் குடம், பச்சைத் திரைச்சீலை. எல்லாம் புதுசு. பொறுப்பாளராக மோப்பத்தின் நாத்தனாரைப் போட்டார்கள், சாவியும் அவள் கையில்.

மதியம் கொதிகலன் சுவரோரம் சாப்பிட உட்கார்ந்தபோது இதுதான் பேச்சு. எனக்கும் ஒரு ஓரம் கொடுத்தார்கள். மூட்டை கட்டுகிறவர், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற ஆள், தன் மாமாவுக்கு வயதாகி வேலை முடிந்தபோது 'இளைப்பாறுகிறார்' என்று பத்திரிகை அடித்துத்தான் அனுப்பினார்கள், நமக்கு அறையே கட்டிவிட்டார்கள் என்றார். சிரித்தார்கள். மோப்பம் சிரிக்கவில்லை.

"நோட்டீஸ் அண்ணே, அந்தப் பலகைல எழுதியிருக்கே, அந்த வார்த்தைய பிரிச்சுச் சொல்லுங்க. உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

பிரித்துச் சொன்னேன். பழைய சொல். இளைப்பு ஒன்று, ஆறு ஒன்று. உடம்பு மெலிந்தவரைப் பார்த்து 'இளைச்சிட்டே' என்கிறோம். வேலை செய்து ஓய்ந்துபோனாலும் இளைப்பு. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாலும் இளைப்பு. நெஞ்சில் விசில் அடிக்கிற வியாதிக்கும் அதுதான் பேர். இதைச் சொன்னபோது அவள் மெல்லுவதை நிறுத்தினாள். எதனால் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஆறுவது என்றால் ஏறினது இறங்குவது. பால் ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். பசி ஆறினால் பசியாறுவது. இளைப்பு ஆறினால் இளைப்பாறுவது. மேலாளர் சொன்னாரே சார்ஜ், அது வேறு சமாச்சாரம். சார்ஜ் என்றால் வெளியிலிருந்து எதையோ உள்ளே ஏற்றுவது. நம்முடைய சொல்லில் யாரும் எதையும் ஏற்றுவதில்லை. ஏற்கனவே ஏறிக் கிடக்கிறதை இறங்க விடுகிறோம், அவ்வளவுதான்.

அவள் சாப்பாட்டுத் தூக்கை மூடிவைத்தாள்.

"அப்ப இதுல குடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லியே. சும்மா விட்டாலே ஆறிடும். சும்மா விடுறதுக்கு நாடா வெட்டுவானேன்? திரைச்சீலை எதுக்கு?"

"உக்காந்து பாருங்கக்கா, தெரியும்" என்றார் மூட்டைக்காரர்.

"நீ உக்காரு. எழுந்து வர்றியான்னு நான் பாக்கிறேன்."

அன்று முதல் அவள் அந்த அறையை விசாரித்தாள். வேறு வார்த்தை எதுவும் பொருந்தாது. தரையைத் துடைக்கிறேன் என்று உள்ளே போய் மேசைக்கு அடியில் பார்த்தாள். திரைச்சீலையை மோந்தாள். நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். குடத்துத் தண்ணீரை ஒரு வாய் வைத்துத் துப்பினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததுதான் அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

நாற்காலிகள் வந்திறங்கிய அதே லாரியில், அதே நாளில், ஆள் உயர விசிறிகள் இரண்டு வந்திறங்கின. கம்பி வரிசைக்கு இரண்டு பக்கமும் நிறுத்திப் போட்டுவிட்டார்கள். அவற்றை யாரும் மோந்து பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அறைமேல் இருந்தது.

விசிறி போட்டால் துணி சட்டென்று ஆறிவிடும். ஆறின துணியை மடிக்கத்தானே வேண்டும்? உருளை ஏன் நிற்க வேண்டும்? இப்போது ஏன் உட்கார்ந்திருக்கீங்க என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை. துணி ஆறிவிட்டது. 'நாங்க ஆறல சார்' என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இத்தனை வருஷமாகத் துணியைத்தானே காட்டியிருக்கிறோம். நாங்களே கட்டிக்கொண்ட பொய்வேலிக்குள் நாங்களே நிற்கிறோம்.

அறைக்குப் போகலாமே என்றால், உருளை ஓடும்போது யார் போவது? வேலை முடிகிற நேரத்தில் மூட்டைக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான். போதாததற்கு விசிறி பஞ்சுத் தூசியைக் கிளப்பி மூஞ்சியில் அடித்தது. மோப்பத்தின் விசில் நாளுக்கு நாள் ஏறியது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றாள். கேட்டவர்களிடம் வாடை என்றாள்.

இதற்கு நடுவில் இன்னொன்று. தினமும் வேலை முடிந்து, தண்ணீர் குடிக்க வந்தவர்கள் போன பிறகு, மேலாளர் வந்து நாத்தனாரை அந்த அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கதவில் கண்ணாடி. நாத்தனார் தலையை ஆட்டுவது தெரியும், இல்லை என்பது போல. எதற்கு இல்லை? வீட்டில் காய் நறுக்குகிறபோது மோப்பம் கேட்டுவிட்டாள்.

"தினம் உன்கிட்ட என்னடி பேசுறாரு?"

"குடம் நெறஞ்சிருக்கான்னு கேட்டாரு அண்ணி."

"அதுக்குக் கதவச் சாத்தணுமா?"

நாத்தனார் அரிசி களைய எழுந்துபோனாள். போகிறபோது, "குழாய மூடிட்டு இருமுங்க அண்ணி. அண்ணன் சத்தம் போடுது" என்றாள்.

மோப்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு தினமும் மேலாளரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள். அடுத்த நாள் பேருந்தில் இரண்டு பேரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். மடிப்பு மேசையில் ஒரு ஆளைக் குறைக்கப்போவதாகப் பேச்சு, அண்ணியைத் தள்ளிவிட்டால் உருளை வேலை நாத்தனாருக்கு, அதில் சம்பளமும் கூட. இப்படியெல்லாம் கணக்குப் போட்டதாக அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். அந்த நாட்களில் நாத்தனார் போட்ட காபியைக்கூட அவள் மோந்துதான் குடித்தாளாம்.

ஒரு மாதம் போனதும் மேலாளர் எல்லோரையும் கம்பி வரிசைக்கு முன்னால் கூப்பிட்டார். உருளை நின்றது. விசிறி நின்றது. சங்கத்து ஆளும் வரட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதுவே நல்ல சகுனமாக எனக்குப் படவில்லை.

எப்போதும் போல மெல்லிய குரல். அறை போட்டுக் கொடுத்தோம், ஒரு மாதமாக யாருமே வரவில்லை என்று பொறுப்பாளர் சொல்கிறார், அதனால் உங்களுக்கு அது தேவைப்படவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், சோப்புச் சாமான் வைக்க அதை எடுத்துக்கொள்ளப்போகிறோம் என்றார். அதோடு விட்டிருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது. விடவில்லை.

"மூச்சுத் திணறல், அசதின்னு யாருக்காவது இருந்தா வந்து உக்காருவாங்க, யாருன்னு பாத்துக் கவனிக்கலாம்னுதான் போட்டது. அப்படி இங்க ஒருத்தருமே இல்லன்னு தினம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ரொம்ப சந்தோஷம்."

நான் மோப்பத்தைப் பார்த்தேன். அவள் மூக்கு விரிந்தது. யாரும் வரவில்லையா? மூட்டைக்காரர் தினமும் போனதை அவளே பார்த்திருக்கிறாள். இருமிக்கொண்டே போனதையும் பார்த்திருக்கிறாள். நாத்தனார் பொய் சொல்லியிருக்கிறாள். தினமும், முகத்துக்கு நேரே, கதவைச் சாத்திக்கொண்டு. எதற்கு இல்லை என்று தலையாட்டினாள் என்பது இப்போது விளங்கிவிட்டது. அறையைப் பற்றி மோப்பத்தின் மூக்கு சொன்னது சரி. அது ஆள் பிடிக்கிற வலைதான். ஆனால் வலையில் விழுகிற ஒவ்வொருவரையும் சத்தமில்லாமல் எடுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தவள், ஒரு மாதமாக இவள் முறைத்துக்கொண்டிருந்த நாத்தனார்.

அந்தப் பொய்யாலேயே இப்போது மேலாளர் கையில் வசமாக ஒரு பேச்சு சிக்கிவிட்டது: இங்கே களைத்தவர்கள் யாரும் இல்லை. இனி விசிறி நிற்காது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை இன்றைக்குத் தப்பும், நெஞ்சு இன்னும் எத்தனை நாள் தாங்குமோ. வாயைத் திறந்தால் பிழிகிற இயந்திரத்துக்காரர் போன வழி.

மோப்பம் ஒரு அடி முன்னால் வந்தாள். நாத்தனார் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணி, வாய மூடுங்க."

"ஒரு மாசமா நீ மூடினது போதும்டி. விடு."

பிறகு மேலாளரைப் பார்த்துச் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னாள்.

"துணி ஆறுதுன்னு சொன்னோம் சார். அது பாதிதான். மீதிப் பாதி நாங்க. துணி இப்ப ஆறிடுச்சு, விசிறி போட்டீங்க. நாங்க ஆறல. எனக்கு நெஞ்சுல இளைப்பு இருக்கு. மூணு வருஷமா இருக்கு. இந்த வேலைலதான் வந்துது. அந்த ரூமுல உக்காந்தா அது போவாது. உருளைய நிறுத்துங்க, போவும்."

கொதிகலன் மட்டும் உஸ்ஸென்றது.

மேலாளர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அப்ப டாக்டரப் பாக்கச் சொல்லவா?"

தன்மையான கேள்வி. அதற்கு அர்த்தம் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பிழிகிற இயந்திரம் இருந்த மூலையை ஒருத்தர் விடாமல் பார்த்தார்கள்.

மூட்டைக்காரர் கையைத் தூக்கினார். "எனக்கும் ஒரு சீட்டு போடுங்க சார். எனக்கும் விசில் அடிக்குது. நல்ல ராகமா அடிக்குது."

பிறகு மடிப்பு மேசையிலிருந்து ஒரு கை. பிழிகிற பக்கம் மூன்று. கொதிகலன் பார்த்துக்கொள்கிறவர். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்து, நீயுமா என்பது போல விழித்தார்கள். ஒரே தூசியைக் குடித்துவிட்டு ஒருவருக்கொருவர் தெரியாமல் இருமிக்கொண்டிருந்திருக்கிறார்கள். காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தே கூடம் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியாகத் தூக்கியது நாத்தனார். அதைப் பார்த்ததும் மோப்பத்தின் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன்.

அத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினால் மறுநாள் எந்த ஆஸ்பத்திரிக்கும் விரிப்பு போகாது. மேலாளருக்கு அது தெரியும். அன்று பேச்சை அதோடு முடித்துக்கொண்டு போனார். பிறகு நாங்கள் பேசிய பேச்சு, இழுத்த இழுப்பு எல்லாம் சங்கத்து வரலாறு, இங்கே வேண்டாம். முடிவு என்னவென்றால், விசிறிகள் மூலைக்குப் போயின. கம்பி நிறைந்தால் உருளை நிற்க வேண்டும், அந்த நேரம் தொழிலாளர் இளைப்பாறும் நேரம் என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள். துணி என்ற சொல் அதில் இல்லை. ஒட்டின தாளை மோப்பம் மோந்து பார்த்தாள், பசை காய்ந்துவிட்டதா என்று. மேலும் ஐந்து வருஷம் அதே உருளையில் நின்றாள். அந்த அறையில் கடைசிவரைக்கும் உட்காரவில்லை. பேருந்தில் மறுபடி நாத்தனாரோடு ஒரே இருக்கை. காபியை மோப்பதை மட்டும் விடவில்லை. பழக்கம் என்று சமாதானம் சொன்னாளாம்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். யார் எழுதச் சொன்னது, எதற்கு இப்போது, இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று வரிசையாகக் கேட்டாள். நாத்தனார் உள்ளேயிருந்து சிரித்தாள். கடைசியில், எழுதித் தொலையுங்கள், ஆனால் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள் என்றாள்.

மாற்றிப் போட வழியே இல்லை. அன்று கூடத்தில் தூக்கின கைகளை முதலில் நான்தான் எண்ணிச் சொன்னேன். அவள் என் கணக்கை நம்பவில்லை. யாரும் கையை இறக்காதீங்க என்று சொல்லிவிட்டு, மூச்சு இரைக்க இரைக்க, கம்பி வரிசை நெடுக நடந்து, ஒவ்வொரு கையையும் தொட்டு அவளே மறுபடி எண்ணினாள்.

இருபத்தெட்டு.